அரைக்காசுச் சிறுவனும் பெயரற்ற அலுவலரும்: ஆலன் பேட்டனின் சீர்திருத்தப் பள்ளிக் கதைகள்

சிறைக்குச் சென்றவர்கள் எழுதிய நூல்கள் உலக இலக்கியத்தில் ஏராளம். சிறைக்கதவின் மறுபக்கத்தில் சாவிக்கொத்துடன் நின்றவர்கள் எழுதியவை மிகச் சிலவே. அதிலும், பத்து வயதும் பன்னிரண்டு வயதுமான சிறுவர்களை அடைத்து வைக்கும் இல்லங்களில் பணியாற்றியவர்கள், தங்கள் பணியைப் பற்றி மனந்திறந்து எழுதியது அரிதினும் அரிது. காவலர், ஆசிரியர், பெற்றோர் ஆகிய மூவரின் கடமையிலும் ஆளுக்கொரு பங்கைச் சுமப்பவர் அத்தகைய இல்லத்தின் அலுவலர். காலையில் தலைகளை எண்ணுகிறார், உணவு பரிமாறப்படுவதை மேற்பார்க்கிறார், சண்டையை விலக்குகிறார், சிரங்குக்கு மருந்து தடவச் செய்கிறார், விசாரணை நாளில் உடன் செல்கிறார், இரவில் மீண்டும் தலைகளை எண்ணிக் கதவைப் பூட்டுகிறார். சிறுவன் திருந்தினால் அவரை நினைப்பார் எவருமில்லை. சிறுவன் தப்பியோடினால் முதலில் விளக்கம் கேட்கப்படுபவர் அவரே.

இப்பணியை உள்ளிருந்து அறிந்து எழுதியவர் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஆலன் பேட்டன் (1903–1988). ‘க்ரை, த பிலவட் கன்ட்ரி’ என்னும் அவரது புதினம் உலகப் புகழ் பெற்றது. அப்புதினத்தைப் படித்தோரிற் பலர், சீர்திருத்தப் பள்ளியைக் களமாகக் கொண்ட அவரது சிறுகதைகளைப் படித்ததில்லை. இலக்கியம் என்ற அளவில் அக்கதைகள் எவ்வளவு தேறும் என்பதையும், அத்தகைய இல்லங்களில் பணிபுரிவோருக்கு அவை எந்த அளவுக்கு உண்மையாய் இருக்கின்றன என்பதையும் ஆராய்வதே நமது நோக்கம். இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றல்ல என்பது நமது துணிபு.

முள்வேலியும் பூச்செடியும்

பேட்டன் பிறந்த ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893-இல் காந்தியடிகள் புகைவண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஊர் என்பதால் அப்பெயர் நமக்குப் புதிதன்று. பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றி வந்த பேட்டன், 1934-இல் கடுமையான குடற்காய்ச்சலுக்கு உள்ளாகிப் பல வாரங்கள் படுத்திருந்தார். அக்காலத்தில்தான் அந்நாட்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சிறைத்துறையின் பொறுப்பிலிருந்து கல்வித்துறைக்கு மாற்றப்பட்டன. 1935-இல், ஜொஹானஸ்பர்க் நகரை அடுத்த டீப்க்ளூஃப் என்னுமிடத்தில் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கென இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அவர் முதல்வராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

அவர் கண்டது பெயரளவில் பள்ளி, நடைமுறையில் சிறை. படிப்படியாக அதனை மாற்றினார். முள்வேலி அகற்றப்பட்டு, அவ்விடத்தில் பூச்செடிகள் நடப்பட்டன. புதிதாய் வருபவர் பூட்டிய கூடங்களில் உறங்குவர்; நம்பிக்கைக்குரியவராய்த் தம்மைக் காட்டிக்கொண்டவர் பூட்டப்படாத கூடங்களுக்கு மாறுவர்; அதற்கும் மேற்பட்டவர் வெளியே வேலைக்குச் செல்லவும், விடுப்பில் வீடு சென்று திரும்பவும் அனுமதி பெறுவர். வீட்டு விடுப்பில் அனுப்பப்பட்ட ஏறத்தாழ 10,000 பேரில், வாக்குத் தவறித் திரும்பாது போனவர் 100-க்கு 5 பேருக்கும் குறைவு எனக் குறிப்பிடப்படுகிறது. எண்ணிக்கையைவிட அதன் பின்னிருந்த கொள்கையே முக்கியம். சுதந்தரத்திற்குத் தகுதி பெறுவதற்கு ஒரே வழி, சுதந்தரத்தைச் சிறிது சிறிதாகக் கையாண்டு பழகுவதே என்பது அவர் கொள்கை.

1946-இல் பிற நாட்டுச் சிறைகளையும் சீர்திருத்த இல்லங்களையும் பார்வையிட அவர் பயணம் மேற்கொண்டார். நார்வே நாட்டின் ட்ரோன்ஹைம் நகரில், அந்நிய மண்ணின் தனிமையில், தம் புதினத்தை எழுதத் தொடங்கினார்; அவ்வாண்டின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் முடித்தார். 1948-இல் நூல் வெளியாயிற்று. அதே ஆண்டில் நிறவெறிக் கொள்கையை முன்வைத்த கட்சி ஆட்சிக்கு வந்தது. பேட்டன் பதவியிலிருந்து விலகினார். டீப்க்ளூஃப் பள்ளி 1958-இல் மூடப்பட்டது. அப்பணியை நினைவுகூர்ந்து அவர் எழுதிய சிறுகதைகள் 1961-இல் தொகுப்பாக வந்தன. அவற்றுள் தலைசிறந்ததாகப் பலரும் கருதுவது ‘ஹேப்பனி’. அரைக்காசு என்பது அச்சொல்லின் பொருள். சிறுவனுக்கு வாய்த்த பட்டப்பெயர் அது.

அரைக்காசின் குடும்பம்

கதை எளியது. அறுநூறு சிறுவர் உள்ள பள்ளியில், ஏறத்தாழ நூறு பேர் மிகச் சிறியவர்கள். அவர்கள் செய்த குற்றங்களும் சிறியவை. முதல்வர் அவர்களிடையே நடந்து செல்லும்போது அவரை ஒட்டி நிற்பதில் அவர்களுக்கு ஓர் ஆனந்தம். அவர்களுள் பன்னிரண்டு வயதான அரைக்காசு, தன் குடும்பத்தைப் பற்றி ஓயாது பேசுவான். ப்ளூம்ஃபொன்டெயின் நகரில் தனக்குத் தாய் இருக்கிறாள்; ரிச்சர்டு, டிக்கி என இரு சகோதரர்; ஆனா, மினா என இரு சகோதரியர். முதல்வர் ஒருநாள் அவனுடைய கோப்பைப் புரட்டுகிறார். அவனுக்குக் குடும்பமே இல்லை. வீடு வீடாக மாறி, எங்கும் நிலைக்காமல், தெருவில் திரிந்த அநாதை அவன் என்கிறது கோப்பு.

ஆயினும் கடிதப் பதிவேட்டில், திருமதி மார்மன் என்பவருக்கு அவன் தவறாது கடிதம் அனுப்பி வந்த விவரம் இருக்கிறது. பதில் ஒன்றுகூட வந்ததில்லை. கேட்டால், அம்மாவுக்கு உடல்நலமில்லை என்கிறான். முதல்வர் அந்நகரின் சமூகநல அலுவலருக்கு எழுதி விசாரிக்கிறார். திருமதி மார்மன் உண்மையான பெண்மணி. நான்கு பிள்ளைகளும் உண்மை, பெயர்களும் உண்மை. அரைக்காசு மட்டும் அவர் பிள்ளையல்லன். தெருவில் திரிந்த சிறுவனாகவே அவனை அவர் அறிவார். அவர் தவறாமல் ஆலயம் செல்லும் கண்ணியமான பெண்மணி. இப்படிப்பட்ட பையனோடு தம் பிள்ளைகளுக்கு யாதொரு தொடர்பும் வேண்டாம் என்று கருதுகிறார். மேலும், அந்நாட்டின் இனப் பாகுபாட்டின்படி அவர் ‘கலர்டு’ எனப்பட்ட கலப்பினத்தவர். சிறுவனோ சோத்தோ இன ஆப்பிரிக்கன்.

உண்மையைத் தெரிந்துகொண்ட முதல்வர், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென அறியாது தவிக்கிறார். ஆனால் சிறுவன் அவர் முகத்தில் அதைப் படித்துவிடுகிறான். அவன் நின்றிருந்த தரை நழுவுகிறது. காசநோய் அவனைப் பற்றிக்கொள்கிறது. முதல்வர் அப்பெண்மணிக்கு மன்றாடி எழுதுகிறார். முதலில் மறுத்த அவர், நிலைமை முற்றியபின் வருகிறார். வந்தவர், யாதொரு தயக்கமுமின்றி அவனுக்குத் தாயாகிவிடுகிறார். பகலெல்லாம் படுக்கையருகே அமர்ந்து, ரிச்சர்டும் டிக்கியும் ஆனாவும் மினாவும் அவன் வரவுக்குக் காத்திருப்பதைச் சொல்கிறார். அவன் மகிழ்ந்து இறக்கிறான். கல்லறைச் சிலுவையில் அவனைத் தம் மகனென்றே எழுத வேண்டுமென அப்பெண்மணி கேட்டுக்கொள்கிறார். ஏற்க மறுத்ததற்காக வெட்கப்படுவதாகக் கூறிச் செல்கிறார். முதல்வரோ, இனித் தம் பணியில் அன்பை அளந்து கொடுக்காமல் வாரி வழங்குவது என்ற உறுதியோடு எஞ்சி நிற்கிறார்.

இக்கதையின் மேன்மை, அது அலுவலரின் ஆன்மச் சோதனையாய் அமைந்திருப்பதில் உள்ளது. முதல்வர் கொடியவர் அல்லர்; கையோங்காதவர்; சிறுவர்பால் உண்மையான பரிவுடையவர். அவர் செய்த தவறென்று எந்த விசாரணைக் குழுவும் எதையும் சுட்ட முடியாது. கோப்பைப் படித்தார்; விசாரித்தார்; உண்மையைக் கண்டறிந்தார். நல்ல அலுவலர் செய்ய வேண்டியவை இவையே அன்றோ? ஆயினும் ‘இவன் சொல்வது மெய்யா?’ என்று ஆராய்ந்த அவர், ‘இவன் ஏன் இதைச் சொல்கிறான்?’ என்று ஆராயக் காலம் தாழ்த்தினார். சிறுவன் கூறியது பொய்தான். ஆனால் அப்பொய்யின் ஒவ்வொரு விவரமும் மெய். ஒரு வீட்டைத் தெருவிலிருந்து நாள்தோறும் உற்று நோக்கி, பிள்ளைகளின் பெயர்களை மனனம் செய்து, ‘இவளே என் தாய்’ என்று தேர்ந்துகொண்ட ஒரு பசியின் வரலாறு அது. அப்பசி இருப்பதை முதல்வர் உணர்ந்திருந்தார். அதன் அளவை உணரவில்லை. கதையாசிரியர் தம்மைத் தாமே தீர்ப்பிடும் இடம் இதுவே. குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றாமல் தம்மேல் ஏற்றிக்கொள்ளும் நேர்மை, கதையின் ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது.

நாம் செய்த பிழை

இக்கதையை நாம் வெறும் இலக்கியமாகப் படிக்க இயலாமைக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகள், பங்கின் இளைஞர் சிலருடன், மாதம் ஒருமுறை ஓர் அரசினர் கூர்நோக்கு இல்லத்திற்குச் சென்று வந்தோம். மறைபோதிக்கச் செல்லவில்லை, பெரும்பாலான சிறுவர் பிற சமயத்தவர். கேரம் பலகை, கொஞ்சம் பாட்டு, பேச்சு, அவ்வளவே. அங்கே பதின்மூன்று வயதிருக்கக்கூடிய ஒருவன், தன் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்வதாகவும், பொங்கலுக்குப் புதுச் சட்டையுடன் வருவாளென்றும் ஒவ்வொரு முறையும் சொல்வான். பணியிலிருந்த அலுவலரிடம் கேட்டோம். ‘அப்படி யாரும் இல்லீங்க’ என்றார் அவர். பதிவேட்டிலும் இல்லை.

பொங்கல் கழிந்து அடுத்த முறை சென்றபோது, ‘என்னப்பா, அக்கா வந்தாளா?’ என்று புன்னகையோடு கேட்டோம். அப்புன்னகையில் இருந்ததை அவன் கண்டுகொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நாம் சென்றபோதெல்லாம் தூரத்துச் சுவரோரமாகவே நின்றான். இரண்டு மாதங்களில் அவனை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றபோது, பொய்யின் வகைகளை நாம் கற்றிருக்கிறோம். தீங்கிழைக்கும் பொய், பயன் கருதிய பொய், விளையாட்டுப் பொய் எனப் பிரித்து, ஒவ்வொன்றின் கனத்தையும் நிறுத்துப் பார்த்திருக்கிறோம். அவ்வகைப்பாட்டில் அடங்காத ஒரு பொய் உண்டென்பதையும், அது வேண்டுதலுக்கு மிக அருகில் நிற்பது என்பதையும், பேட்டனைப் படித்தபோதுதான் தெளிந்தோம். சிறுவனுக்கு அதனால் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓர் எதிர்ப்புக் குரல்

நமது பங்கில் வாழும் பெரியவர் ஒருவர், இத்தகைய இல்லமொன்றில் காப்பாளராய் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு மாலையில் அரைக்காசின் கதையைச் சொன்னோம். அமைதியாய்க் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என எதிர்பார்த்தோம். அவர் கேட்டதோ வேறு:

‘அந்தப் பையன் சாகக் கிடந்தான், அதனால அந்தம்மா வந்தாங்க. சாகாதவனுக்கு யார் வருவாங்க, சாமி?’

இதைவிடக் கூர்மையான இலக்கிய விமரிசனத்தை அக்கதையைப் பற்றி நாம் கேட்டதில்லை. சாவு கதையை முடித்து வைக்கிறது. அதனாலேயே கதை அழகுறுகிறது. இறக்கும் குழந்தையின் படுக்கையருகே எவருடைய கல்மனமும் கரையும். அன்பு சில வாரங்களுக்குத் தேவைப்பட்டது, வழங்கப்பட்டது, முற்றுப்பெற்றது. அரைக்காசு பிழைத்தெழுந்து, பதினைந்து வயதாகி, அந்த வீட்டிலிருந்து பணம் திருடியிருந்தால்? ஆனாவின் பெயரால் தெருவில் சண்டையிட்டிருந்தால்? திருமதி மார்மன் அப்போதும் தாயாக இருந்திருப்பாரா? கதை அக்கேள்விக்குச் செல்வதற்கு முன்பே கல்லறையில் நின்றுவிடுகிறது.

பெரியவர் மேலும் சொன்னார்: ‘எங்ககிட்ட வர்ற பசங்க சாகறதில்ல. திரும்பி வர்றாங்க. மூணாவது தடவை வர்றப்ப, வாசல்ல அவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சிரிக்கிறதுங்கறதுதான் எங்க வேலை.’

அரைக்காசின் கதையைக் குறைத்து மதிப்பிட இதை நாம் கூறவில்லை. ஆனால் அலுவலரின் பணிக்கு அதையே முழுமையான இலக்கியச் சான்றாகக் கொள்வது தவறு. அப்பணியின் கடினம் பேட்டனின் வேறு இரு படைப்புகளில்தான் வெளிப்படுகிறது.

கோபித்துப் பின் திரும்பிய இளைஞர்

புதினத்தில், கிராமத்துக் கறுப்பினப் போதகரான ஸ்டீவன் குமாலோ, காணாமற்போன மகன் அப்சலோமைத் தேடி ஜொஹானஸ்பர்க் நகரெங்கும் அலைகிறார். தேடல் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு வெள்ளையின இளைஞர், அலுவலர். மகன் நன்னடத்தையால் சில வாரங்களுக்கு முன்புதான் விடுவிக்கப்பட்டான் என்கிறார். அவனால் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள். அவளை மணந்து பொறுப்போடு வாழ்வான் என நம்பி, அவனுக்கு வேலையும் தேடித் தந்து அனுப்பியவர்கள் இவர்களே. ஆனால் அப்சலோம் வேலைக்குச் செல்லவில்லை. திருடப்போன வீட்டில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். கொல்லப்பட்டவரோ, ஆப்பிரிக்க மக்களின் நலனுக்காகவே எழுதியும் உழைத்தும் வந்த வெள்ளையர்.

சிறையில் மகனைச் சந்தித்துத் திரும்பும் தந்தையிடம் அவ்விளைஞர் கடுமையாகப் பேசிவிடுகிறார். மகனை இழக்கும் தந்தை ஒருபுறம். தன் உழைப்பும் தன் முறையும் ஊரார் முன் பொய்த்துப்போகக் கண்ட அலுவலர் மறுபுறம். துயரத்தின் எடையைத் தராசில் வைத்தால் இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அச்சொற்கள் வந்துவிடுகின்றன. பின்னர், அவ்விளைஞரே குமாலோவைத் தேடி வருகிறார். தாம் பேசியது தவறென்று ஒப்புக்கொண்டு வருந்துகிறார். அதோடு நில்லாமல், மகனுக்கு ஒரு வழக்கறிஞரைத் தேட வேண்டியதன் அவசியத்தை எடுத்துரைக்கிறார்.

புதினத்தின் பேரழகான பகுதிகளைப் பற்றிப் பேசுவோர் இக்காட்சியைக் கடந்து சென்றுவிடுவர். நமக்கோ, பேட்டனின் அனுபவம் மிக உண்மையாக ஒலிக்கும் இடம் இதுவே. திருத்தும் பணியில் இருப்போருக்கு வரும் பெருஞ்சோதனை வெறுப்பு அன்று, தன்மானம். ‘நான் இவ்வளவு செய்தேனே, இவன் இப்படிச் செய்துவிட்டானே’ என்ற குமுறலில், சிறுவன் மறைந்து ‘நான்’ மட்டும் எஞ்சுகிறது. நாம் உட்பட, மறையுரைப் பீடத்தில் நிற்போர் அனைவரும் அக்குமுறலை அறிவோம். இளைஞர் தம் ‘நான்’ என்பதிலிருந்து மீண்டு, அடுத்து ஆக வேண்டிய காரியத்திற்கு வருகிறார். அவருடைய மன்னிப்புக் கேட்டலில் கண்ணீர் இல்லை. ஒரு வழக்கறிஞரைப் பற்றிய பேச்சு இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் பரிகாரம் என்பது இத்தகைய ஒன்றையே.

மகனுக்கு அப்சலோம் எனப் பெயரிட்டதும் காரணத்தோடுதான். தனக்கு எதிராய் எழுந்த மகனின் சாவுச் செய்தி கேட்டு வாயில் மாடத்தில் அழுத தாவீது அரசனின் நினைவு, திருவிவிலியம் அறிந்த எவருக்கும் எழும். ஆனால் இவ்விளைஞருக்குப் பேட்டன் பெயரே இடவில்லை. அரைக்காசின் கதையைச் சொல்லும் முதல்வருக்கும் பெயரில்லை. சிறுவர்களுக்குப் பெயருண்டு, அவர்களைக் காப்பவருக்கு இல்லை. இப்பணியின் இயல்பை அறிந்தவர் செய்த தேர்வாகவே இதை நாம் கருதுகிறோம்.

எத்தனை முறை?

மூன்றாவது படைப்பு ‘ஸ்போனோனோ’ என்னும் சிறுகதை. இதனைப் பின்னர், இந்தியரான கிருஷ்ணா ஷாவுடன் இணைந்து பேட்டன் நாடகமாக்கினார். 1964-இல் அது நியூயார்க்கில் மேடையேறியது. ஸ்போனோனோ ஈர்ப்பும் அறிவும் உள்ளவன். தவறு செய்கிறான், வருந்துகிறான், மன்னிக்கப்படுகிறான், மீண்டும் தவறு செய்கிறான். ஒவ்வொரு முறையும் முதல்வரிடமே வந்து நிற்கிறான். முதல்வரின் கிறிஸ்தவ நம்பிக்கையையே அவர்முன் கண்ணாடியாய்ப் பிடித்து, மன்னிப்புக்குக் கணக்கு உண்டா என்று கேட்கிறான். பேதுரு ஆண்டவரிடம் கேட்ட அதே கேள்வி. முதல்வரிடம் விடை இருக்கிறது. ஆனால் அவரிடம் ஒரு பள்ளியும், விதிமுறைகளும், சட்டமும், மற்றச் சிறுவர்களின் பாதுகாப்பும் இருக்கின்றன. தனி மனிதனாக மன்னிக்கலாம். அலுவலராக எத்துணை மன்னிக்கலாம்? கதை இக்கேள்வியை முடித்து வைக்கவில்லை.

கலை நோக்கில் ‘ஹேப்பனி’க்கு உள்ள ஒருமையும் இறுக்கமும் இதற்கு இல்லை. வாதம் சில இடங்களில் கதையை விஞ்சுகிறது. எனினும் நம் பெரியவரின் கேள்விக்கு முகங்கொடுப்பது இக்கதையே. சிறுவன் சாகவில்லை. திரும்பத் திரும்ப வருகிறான். அன்பு ஒருமுறை பொழிந்து ஓய்வதாக இல்லாமல், நாள்தோறும் கதவைத் திறப்பதாக இருக்க வேண்டியிருக்கிறது. ‘ஹேப்பனி’ நம்மை அழவைக்கிறது. ‘ஸ்போனோனோ’ நம்மைச் சங்கடப்படுத்துகிறது. இல்லப் பணிக்கு வரும் இளைஞர் ஒருவருக்கு ஒரே ஒரு கதையைக் கொடுக்கலாம் என்றால், நாம் இரண்டாவதையே கொடுப்போம்.

அத்தொகுப்பின் மற்றொரு கதையில், திருந்தி வாழ முயலும் இளைஞன் ஒருவன், தன் பழைய கூட்டாளிகளாலேயே கொல்லப்படுகிறான். இல்லத்தின் வாயிலோடு அலுவலரின் கை முடிந்துவிடுகிறது என்பதைப் பேட்டன் மறைக்கவில்லை.

கேட்கப்படாத குரல்

குறைகளும் உள. இக்கதைகள் அனைத்திலும் நாம் சிறுவரைக் காண்பது அலுவலரின் கண்வழியாகவே. இரவில் பூட்டிய கூடத்தில் அவர்கள் தமக்குள் என்ன பேசினார்கள், முதல்வருக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நாம் அறிய வழியில்லை. அலுவலர் வெள்ளையர், சிறுவர் கறுப்பினத்தவர் என்ற நிலையில் இக்குறை இன்னும் பெரிதாகிறது. தம் மக்களைப் பணிவும் பொறுமையும் மிக்கவராகவே பேட்டன் தீட்டிவிட்டார் என்று ஆப்பிரிக்க எழுத்தாளர் சிலர் குறைகூறியதில் நியாயம் உண்டு. சொந்த மண்ணிலேயே அனுமதிச் சீட்டின்றி நடமாடுவது குற்றமாக்கப்பட்ட நாட்டில், ‘திருத்தப்பட வேண்டியவர் யார்?’ என்ற கேள்வியைப் பள்ளிக்குள்ளிருந்து மட்டும் கேட்க முடியாது. புதினத்தில் அவர் அதைக் கேட்கிறார். சிறுகதைகளில் அது பின்னணியில் மங்கிவிடுகிறது. ஆயினும் திருமதி மார்மனின் தயக்கத்தில் இன வேற்றுமையையும் ஒரு காரணமாக அவர் வைத்தது கவனிக்கத்தக்கது. தெருச் சிறுவனைத் தள்ளிவைக்க, கண்ணியமான ஒரு குடும்பத்திற்கு ஆளும் இனத்தின் சட்டமே தேவையில்லை. தன்னிலும் தாழ்ந்தவன் என்ற எண்ணமே போதும். இதனை விளங்கிக்கொள்ள நாம் தென்னாப்பிரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை.

நமக்கு என்ன?

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவனைக் குற்றவாளி என அழைப்பதில்லை; ‘சட்டத்திற்கு முரண்பட்ட சிறார்’ என்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அச்சிறுவன் வெளிவந்து ஊருக்குத் திரும்பும் நாளில் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, தெரு தீர்மானிக்கிறது. அத்தெருவில் நம் வீடுகளும் உள்ளன.

பேட்டனின் கதைகள் அலுவலரை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. அவர் சாவி வைத்திருப்பவர்; அதனால் எந்தச் சிறுவனும் அவரிடம் முழு உண்மையைச் சொல்லப்போவதில்லை. அவரால் தாயாக முடியாது. ஒரு தாய்க்குக் கடிதம் எழுத முடியும். அவரது கடிதம் யாருக்கு எழுதப்படுகிறது என்பதே நமக்குரிய கேள்வி. தவறாமல் ஆலயம் செல்லும் கண்ணியமான பெண்மணிக்கு அது எழுதப்பட்டது. அவர் முதலில் மறுத்தார். அவர் கூறிய காரணங்கள் யாவும் நியாயமானவை. நாமும் அவற்றையே கூறியிருப்போம். விடுதலையாகி வரும் ஒருவனுக்கு ஓர் அச்சகத்திலோ பட்டறையிலோ வேலை கொடுப்பது, விசாரணை நாளில் உடன் வர எவருமில்லாதவனுக்காக ஒரு முற்பகலைச் செலவிடுவது, பதில் வராத கடிதங்களுக்குப் பதில் எழுதுவது ஆகிய எளிய செயல்களுக்குச் சாவு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அண்மையில் அப்பெரியவரிடம், சுவரோரம் நின்ற அச்சிறுவனைப் பற்றியும் சொன்னோம். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டோம். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, ‘அக்கா பேரு என்னன்னு கேட்டிருக்கலாம், சாமி’ என்றார்.

ஓராண்டுக்கு மேல் அந்த அக்காவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தும், நாம் அதைக் கேட்கவில்லை.